வெயில் நாளில் விளையும் பனிக்கட்டி

1927-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி மாலை, கலிபோர்னியாவிலுள்ள சான்டியாகோ நகரிலிருந்து, ஒற்றை யந்திரமும் ஒற்றை ஆசனமும் கொண்ட வெள்ளி நிற விமானம் ஒன்றில் ஏறி, சார்லஸ் லிண்ட்பெர்க் என்னும் இருபத்தைந்து வயது வாலிபர் செயின்ட் லூயிஸை நோக்கிப் புறப்பட்டார். இன்னும் பத்தே நாளில் அதே விமானத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தன்னந்தனியாகத் தாண்டி உலகப் புகழ் அடையப் போகிறவர் அவர். ஆனால் அன்றிரவு அரிஸோனா மலைகளின் மேல் பறந்துகொண்டிருக்கையில், அந்தப் புகழ் பிறவாமலே போய்விடக்கூடிய ஒரு சங்கடம் நேர்ந்தது. புத்தம் புதிய ரைட் யந்திரம், பெட்ரோல் குறையாதிருக்க, திடீரென்று இருமத் தொடங்கியது. விமானம் முழுவதும் நடுங்கியது. கீழே இருளும் மலையுமே அன்றி இறங்குவதற்கு இடமில்லை. எப்படியோ தாக்குப்பிடித்து ஊர் போய்ச் சேர்ந்த அவர், கார்பரேட்டரில் பனிக்கட்டி படிந்ததே காரணமென்று முடிவு செய்து, நியூயார்க் போனதும் யந்திரத்துக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்ட பிறகுதான் பாரிஸ் பிரயாணத்தைத் தொடங்கினார். முப்பத்து மூன்றரை மணி நேரம் இடைவிடாமல் ஓடிய அந்த யந்திரத்தைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். இந்தச் சிறு கருவியைப் பற்றி எழுதியவர்கள் சொற்பம்.

பனிக்கட்டி என்றவுடன் இமயமும் துருவப் பிரதேசமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. நாம் இங்கே பேசப்போகும் பனிக்கட்டிக்கு அவை எதுவும் வேண்டியதில்லை. சட்டை நனைய வியர்க்கும் நாளிலும் அது உண்டாகும். மேகமே இல்லாத வானத்திலும் உண்டாகும். அது பிறக்கும் இடம் வானமன்று, யந்திரத்தின் தொண்டை.

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட்டைத் தடவும்போது அந்த இடம் ஜில்லென்று குளிர்வதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். மண்பானையின் நுண்ணிய துவாரங்களில் கசியும் நீர் ஆவியாகிப் பானையிலுள்ள தண்ணீரைக் குளிரச் செய்வதும் அதே சூட்சுமத்தால்தான்: திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு உஷ்ணம் வேண்டும், அந்த உஷ்ணத்தை அது பக்கத்திலிருப்பதிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். கார்பரேட்டர் என்பது, சுருக்கமாகச் சொன்னால், காற்றில் பெட்ரோலைத் தெளிக்கும் ஒரு குழாய். அதன் நடுவே ‘வெஞ்சுரி’ என்று சொல்லப்படும் இடுப்புப் போன்ற ஒடுக்கம் இருக்கும். யந்திரம் உறிஞ்சும் காற்று அந்த ஒடுக்கத்தில் வேகமெடுக்கும்போது அதன் அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் பெட்ரோலை மேலே இழுத்துத் தூவுகிறது. அழுத்தம் குறைவதாலேயே காற்று சிறிது குளிர்கிறது; தூவப்பட்ட பெட்ரோல் கணத்தில் ஆவியாகும்போது இன்னும் அதிகமாகக் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால், வெளிக்காற்றுக்கும் கார்பரேட்டரின் உட்புறத்துக்கும் இடையே 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வித்தியாசம்கூட ஏற்படலாம். வெளியே 25 டிகிரி. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே.

அந்தக் காற்றில் ஈரம் மட்டும் இல்லாதிருந்தால் இதனால் ஒரு தீங்கும் இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய பைப்பர் கப் விமானத்தில் இருக்கும் காண்டினென்டல் ஏ-65 யந்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 2.8 லிட்டர், நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் அது, சாதாரணப் பறத்தலில் நிமிஷத்துக்கு இரண்டு கன மீட்டருக்குக் குறையாத காற்றை விழுங்கும். 20 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று கன மீட்டருக்கு 17 கிராம் நீராவியைச் சுமக்கும். பூஜ்ய டிகிரியிலோ 5 கிராமுக்குமேல் அதனால் சுமக்க முடியாது. மிச்சமுள்ள 12 கிராமை அது எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். அதாவது நிமிஷத்துக்கு நிமிஷம், ஓர் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், பெரியவர் கட்டைவிரல் பருமனைவிடச் சற்றே அகன்ற ஒரு குழாய்க்குள் உதிர்கிறது. அதில் பெரும்பகுதி பெட்ரோலோடு கலந்து யந்திரத்துக்குள் போய் எரிந்த புகையோடு வெளியேறிவிடும் என்பது உண்மைதான். எஞ்சிய சிறு பகுதி குளிர்ந்த உலோகத்தில் ஒட்டிக்கொண்டு உறைந்தாலே போதும்.

அது ஒட்டிக்கொள்ளத் தேர்ந்தெடுக்கும் இடமும் விசேஷமானது. விமானியின் கையிலுள்ள த்ராட்டிலுக்குக் கட்டுப்பட்டு, காற்றின் வழியைத் திறக்கவும் மூடவும் செய்யும் வட்டத் தகடு ஒன்று அந்தக் குழாயில் இருக்கிறது. அதற்குப் பட்டாம்பூச்சி என்று பெயர். இரும்புச் சாமான்களுக்குப் பெயர் வைத்தவர்களில் யாரோ ஒருவருக்குக் கவிதை உள்ளம் இருந்திருக்க வேண்டும். அந்தத் தகடு முழுவதும் திறந்திருக்கும்போது பனிக்கட்டி ஓரத்தில் படிந்தாலும் காற்றுக்கு வழியிருக்கும். விமானம் இறங்குவதற்காகத் த்ராட்டிலைக் குறைக்கும்போதோ, தகடு ஏறக்குறைய மூடி, அரைக்கண் இமைபோல் ஒரு பிளவு மட்டுமே மிஞ்சுகிறது. அந்தப் பிளவை அடைக்கச் சிறு பனித்துண்டு போதும். ஆகவே, பூமியை நெருங்கிக்கொண்டிருக்கும் வேளையில், உயரம் என்னும் ஒரே சேமிப்பும் கரைந்துகொண்டிருக்கும் தருணத்தில்தான், இந்த வியாதி மிகவும் கொடுமையாக வருகிறது.

எந்தச் சீதோஷ்ணத்தில் இது நேரும் என்பதில் புதிதாகப் பறப்பவர்கள் ஏமாந்து போவதில் வியப்பில்லை. கடுங்குளிரான நாட்டில், பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி என்று உறைந்து கிடக்கும் பருவத்தில், காற்றிலுள்ள ஈரம் மிகக் குறைவாதலால், கார்பரேட்டரில் கட்டுவதற்குச் சரக்கே இருப்பதில்லை. பூஜ்யத்துக்கும் 21 டிகிரிக்கும் இடைப்பட்ட மிதமான நாளே, அதிலும் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டிய நாளே, அதற்கு உகந்த காலம். இங்கிலாந்தின் ஆனி ஆடி மாதத்து ஈரக் காலை, மழை பெய்து ஓய்ந்த மாலை, மூடுபனி விலகிக்கொண்டிருக்கும் புல்வெளி, மேகத்தின் அடிவயிற்றுக்குச் சற்றே கீழுள்ள ஆகாயம் ஆகியவை எல்லாம் பார்வைக்கு ரம்மியமானவை, கார்பரேட்டருக்கு விஷம். 38 டிகிரி வெயிலிலும், ஈரம் 50 சதவிகிதமே இருந்தாலும், த்ராட்டில் குறைந்த நிலையில் பனி கட்டக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பாடப்புத்தகம் எச்சரிக்கிறது. சென்னையில் மார்கழி விடியற்காலை 22 டிகிரியும் 90 சதவிகித ஈரமுமாகக் கோலங்களின் மீது பனி இறங்குமே, அந்தச் சுகமான காற்றை ஒரு சின்ன விமானத்தின் யந்திரம் உறிஞ்சினால் அதன் தொண்டையிலும் இதே கதைதான்.

இரண்டே பேர் ஏறக்கூடிய, 600 கிலோவுக்கு மேற்படாத எடையுள்ள சிறு விமானங்களுக்கென்று அமெரிக்கா 2004-ஆம் ஆண்டில் ‘லைட் ஸ்போர்ட்’ என்று ஒரு தனிப் பிரிவை வகுத்தது. சமீபத்தில் அந்த வரம்புகள் வெகுவாகத் தளர்த்தப்பட்டன. பொழுதுபோக்காகப் பறக்க விரும்புகிறவர்களுக்காக ஏற்பட்ட அந்தப் பிரிவில், புதிய விமானங்களோடு, 1930-களிலும் நாற்பதுகளிலும் செய்யப்பட்ட பைப்பர் கப் போன்ற கிழ விமானங்களும் எடை குறைவு என்ற ஒரே தகுதியால் இடம்பிடித்துக்கொண்டன. செஸ்னா கம்பெனி இதே பிரிவுக்காக உண்டாக்கி 2013-இல் நிறுத்திவிட்ட ஸ்கைகேட்சர் விமானத்திலும், காண்டினென்டல் வம்சத்தைச் சேர்ந்த 100 குதிரைச்சக்தி ஓ-200 யந்திரமே இருந்தது. இந்த வம்சத்தின் குணம் ஒன்று உண்டு. இதன் கார்பரேட்டர் யந்திரத்தின் உடலிலிருந்து ஒதுங்கி, காற்றில் தொங்குவதுபோல் அமைந்திருப்பதால், அதற்கு உடற்சூடு எட்டுவதில்லை. போட்டிக் கம்பெனியான லைகாமிங், தன் கார்பரேட்டரைச் சூடான எண்ணெய் நிற்கும் தொட்டியின் அடியிலேயே திருகி வைத்துவிடுவதால், தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தைபோல் அது கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது. லைகாமிங்கில் பனி கட்டாது என்றல்ல. காண்டினென்டலில் சீக்கிரம் கட்டும் என்பதே பழகியவர்களின் அனுபவம்.

மோட்டார் காரில் கார்பரேட்டர் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்ட இக்காலத்தில், ஆகாயத்தில் மட்டும் அதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பைப்பர் கப்பில் பேட்டரி கிடையாது, பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் கனத்தாலேயே இறங்கி வருகிறது, மாக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கெட்டுப்போவதற்குச் சாமான்கள் குறைவாயிருப்பதும் ஒரு பாதுகாப்பு அல்லவா? அந்த எளிமைக்காக விமானி செலுத்தும் வரிதான் இந்தப் பனிக்கட்டி என்று எனக்குத் தோன்றுகிறது.

வியாதியின் லட்சணம் மிகவும் அடக்கமானது. இறக்கைக் கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்தில், நிமிஷத்துக்கு 2,150 சுற்று என்று நின்றிருந்த முள், பத்து நிமிஷத்தில் 2,100-க்கு வந்திருக்கும். காதுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது. உயரம் சற்றுக் குறைந்திருப்பதைக் கண்ட விமானி, தன்னை அறியாமலே, த்ராட்டிலைக் கால் அங்குலம் முன்னே தள்ளுவார்; முள் பழைய இடத்துக்கு வரும்; மனமும் சமாதானமடையும். இன்னும் ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அதே காரியம். நோயாளி தன் நோயைத் தானே மூடி மறைப்பது போன்ற செயல் இது. இப்படி மூன்று முறை தள்ளிய பிறகு யந்திரம் உதறத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வருகிறது.

இதற்குச் சிகிச்சை ஒன்றே ஒன்று. லிண்ட்பெர்க் காலத்திலிருந்து அதன் தத்துவம் மாறவில்லை. புகை வெளியேறும் குழாயைச் சுற்றி மெல்லிய தகட்டால் ஒரு சட்டை போட்டு, அந்தச் சட்டைக்கும் குழாய்க்கும் நடுவே காற்றை ஓடவிட்டு, சூடேறிய அந்தக் காற்றை வளைந்து கொடுக்கும் ஒரு ஹோஸ் வழியே கார்பரேட்டருக்கு அனுப்ப வேண்டும். வழியில் ஒரு சிறு பெட்டியில் கதவுபோல் ஒரு மடல். அந்த மடலை இழுக்க ஒரு கேபிள். கேபிளின் மறுநுனியில், விமானியின் எதிரே, ஒரு குமிழ். அதற்குக் ‘கார்ப் ஹீட்’ என்று பெயர். குமிழை இழுத்தால் வெந்நீர் ஒத்தடம்போல் வெங்காற்று பாய்ந்து பனிக்கட்டி உருகும்.

உருகும் என்று எழுதுவது சுலபம். அது உருகும் நேரத்தை ஆகாயத்தில் கழிப்பது சுலபமன்று. குமிழை இழுத்ததும் யந்திரம் தேறும் என்று எதிர்பார்க்கிறவருக்கு, அது இன்னும் மோசமாவதே முதல் காட்சி. வெங்காற்று லேசானது, அதில் பிராணவாயு குறைவு, பெட்ரோலோ பழைய அளவே வருகிறது. ஆகவே கலவை கெட்டு, சக்தி பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறையலாம். இது போதாதென்று, உருகிய பனியின் தண்ணீர் யந்திரத்துக்குள்ளேயே போகிறது. யந்திரம் தும்முகிறது, உறுமுகிறது, ஒரு கணம் நின்றுவிட்டதோ என்றுகூடத் தோன்றுகிறது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த யந்திரம் இப்படிச் செய்தால், இந்தக் குமிழை இழுத்ததுதான் தப்பு என்று மனிதக் கை முடிவு கட்டுவதில் என்ன ஆச்சரியம்! கை குமிழைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. அரைகுறையாக உருகிய பனி மறுபடி இறுகுகிறது. இம்முறை, ஓய்ந்துபோன யந்திரத்தின் புகைக்குழாயில் போதிய சூடும் மிஞ்சியிருப்பதில்லை. அரை நிமிஷம் முதல் சில நிமிஷங்கள் வரை நீடிக்கக்கூடிய அந்தக் குலுக்கலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவருக்கு முள் மெல்ல ஏறத் தொடங்கும். முன்பிருந்த இடத்தைத் தாண்டியும் ஏறும். எங்கள் பாட்டிமார் பேதி மருந்து கொடுத்துவிட்டு, “கொஞ்சம் வயிறு கடுக்கும், பயப்படாதே” என்று சொல்லி வைப்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லி வைக்காத பயிற்சி, குமிழைக் காட்டிக்கொடுத்தும் பிரயோஜனமில்லாத பயிற்சி.

பாதிக் குமிழ் இழுப்பது என்ற சமரசமும் கூடாது. உறைபனித் துகள்களாக உலர்ந்து வந்து ஒட்டாமல் போய்க்கொண்டிருக்கும் ஈரத்தை, அரைச்சூடு, ஒட்டிக்கொள்ளும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடக்கூடும். இல்லாத வியாதியை மருந்தே உண்டாக்கிவிட்ட கதையாக முடியும். கார்பரேட்டருக்குள் உஷ்ணமானி வைத்திருக்கிறவர்கள் மட்டுமே முள்ளைப் பார்த்துப் பாதியில் நிறுத்தலாம். பூஜ்யத்துக்குக் கீழே 15 முதல் மேலே 5 டிகிரி வரை அதில் மஞ்சள் வர்ணம் தீட்டியிருக்கும். மற்றவர்களுக்கு முழுவதும் இழுப்பது, அல்லது முழுவதும் தள்ளுவது என்ற இரண்டே நிலைகள்.

வருமுன் காப்பதற்கு வழி என்ன என்றால், அது பெரும்பாலும் தரையிலேயே தொடங்குகிறது. ஓடுபாதையின் ஓரத்தில் நின்று யந்திரத்தைச் சோதிக்கும்போது, நிமிஷத்துக்கு ஓர் 1,700 சுற்றில் வைத்துக் குமிழை இழுத்தால், முள் 75 முதல் 150 சுற்று வரை இறங்க வேண்டும். இறங்கினால் வெங்காற்று வந்து சேருகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் எங்கேயோ கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது மடல் முழுவதும் மூடவில்லை, அல்லது ஹோஸ் கிழிந்து வெங்காற்று வீணே கசிகிறது. மேலே போவதற்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே புத்தி. பலர் இத்தோடு சோதனையை முடித்து, முள் இறங்கியதும் குமிழைத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு பத்துப் பதினைந்து விநாடி காத்திருந்து பார்த்தால், இறங்கிய முள் தானாக ஏறுவதைச் சில சமயம் காணலாம். ஈரப் புல்லின் மேல் ஊர்ந்து வந்த அந்தச் சில நிமிஷத்திலேயே பனி கட்டிவிட்டது என்பதற்கு அது பிரத்தியட்ச சாட்சி. ஆனால் குமிழை இழுத்தபடியே தரையில் உலாவுவதும் தவறு. வெங்காற்று வடிகட்டியைத் தாண்டாமல் வருவதால், மண் தூசியெல்லாம் நேரே சிலிண்டருக்குள் போய் அரத்தைப் போல் தேய்க்கும். மேலே கிளம்பும்போதும் குமிழ் உள்ளேதான் இருக்க வேண்டும், முழுச் சக்தியும் வேண்டிய நேரமாதலால்.

இறங்குவதற்கு முன் கைகள் செய்ய வேண்டிய வரிசை மாறக்கூடாது. முதலில் குமிழ், பிறகு த்ராட்டில். யந்திரம் உழைத்துக்கொண்டிருக்கும்போதே புகைக்குழாய் கொதிக்கும். த்ராட்டிலைக் குறைத்த பிறகு அது ஆறத் தொடங்கிவிடும். ஆறின பிறகு இழுத்த குமிழால் என்ன லாபம்? நீண்ட தூரம் சறுக்கி இறங்குவதாயிருந்தால், ஐந்நூறு அடிக்கோ ஆயிரம் அடிக்கோ ஒருமுறை த்ராட்டிலைச் சற்றே திறந்து யந்திரத்துக்கு உயிரூட்டிக்கொள்வதும் இதற்காகவே.

பெட்ரோலுக்கும் இதில் பங்குண்டு. சிறு விமானங்கள் பலவற்றில் மோட்டார் காருக்குப் போடும் பெட்ரோலையே போடுகிறார்கள்; விமானப் பெட்ரோலைவிட அது சீக்கிரம் ஆவியாகிறது, ஆதலால் அதிகமாகக் குளிர்விக்கிறது. எத்தனால் கலந்ததானால் இன்னும் ஒரு படி மேலே. ஏனென்றால், எடைக்கு எடை பார்த்தால், ஆவியாவதற்குப் பெட்ரோலைப்போல் இரண்டரை மடங்கு உஷ்ணத்தை எத்தனால் கேட்கிறது. விலை மலிவைக் கண்டு எரிபொருளை மாற்றுகிறவர், குமிழை இழுக்கும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்றைய லைட் ஸ்போர்ட் விமானங்களில் மிகப் பல, ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஹென் ஊரில் செய்யப்படும் ரோடாக்ஸ் 912 யந்திரத்தால் பறக்கின்றன. இதற்கு ஜெர்மனியின் பிங் கார்பரேட்டர்கள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக. ஒன்றில் மட்டும் பனி கட்டினால் ஒரு காளை களைத்துப்போன ஏர்போல் யந்திரம் கோணிக்கொண்டு அதிரும் என்பதால், இங்கே முதல் அடையாளம் பெரும்பாலும் அதிர்வே. இந்த யந்திரத்தின் சிலிண்டர் தலைகளை வெந்நீர் சுற்றிவருவதால், அந்த வெந்நீரிலேயே ஒரு கிளையைக் கார்பரேட்டரின் கழுத்தில் ஓடவிட்டுச் சதா கதகதப்பாக வைத்திருக்கும் உபாயத்தைச் சிலர் கையாள்கிறார்கள்; விமானிக்கு இழுக்கக் குமிழுமில்லை, மறக்க வழியுமில்லை. சிறிதளவு சக்தி நஷ்டமாவது அதன் விலை. 2012-இல் வந்த 912 ஐஎஸ் யந்திரத்திலோ கார்பரேட்டரே இல்லை; பெட்ரோலை ஊசிபோல் பீய்ச்சும் முறை வந்துவிட்டதால் இந்தத் தொல்லையின் வேர் அறுந்தது. காற்று புகும் வாயில் வெளிப்பனி வந்து அடைத்துக்கொள்ளும் அபாயம் அதற்கும் உண்டு என்றாலும் அது வேறு கதை.

2000 முதல் 2011 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 250 விபத்துகளுக்குக் கார்பரேட்டர் பனி காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருந்ததாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கிட்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டவர்களின் வேலை எத்தகையது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். யந்திரம் நின்று, எவனோ ஒருவனுடைய வயலில் விமானம் இறங்கிய இரண்டு மணி நேரம் கழித்து ஆய்வாளர் வருகிறார். டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது. மாக்னெட்டோ பொறி விடுகிறது. அடங்கிப்போன யந்திரத்தின் சூடு பரவியதில் கார்பரேட்டர் வெதுவெதுப்பாக இருக்கிறது. அதைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினால் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. வேறொரு புரொப்பெல்லரை மாட்டிச் சுழற்றிவிட்டால் யந்திரம் ஒன்றுமே அறியாததுபோல் ஓடுகிறது. ஆய்வாளர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து விமான நிலையத்துக்கு டெலிபோன் செய்து, அன்று காலை பத்து மணிக்கு அங்கே உஷ்ணம் எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு என்று கேட்டு, இரண்டு எண்களைத் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். பிறகு விமானத்துக்குள் குனிந்து, குமிழ் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்கிறார்.